இருக்கா, இல்லையா? சமையலறைக்கு ஒரு செயலி செய்வது எப்படி

வீட்டுச் சமையலைத் திட்டமிடவும் மளிகை வாங்கவும் செயலி செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சமையல் குறிப்புகளைத்தான் சேர்க்கத் தொடங்குகிறார்கள். ஆயிரம் குறிப்புகள், கண்ணைப் பறிக்கும் படங்கள், தேடும் வசதி. புதிதாகச் சமைக்கக் கற்கிறவருக்கு அது உதவும். இருபது வருடமாக ஒரு வீட்டின் அடுப்படியை நடத்திவரும் பெண்ணுக்கு வத்தக்குழம்பு வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய சுமை வேறு. காலையில் என்ன, பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கு என்ன, ராத்திரிக்கு என்ன, அதற்கெல்லாம் வீட்டில் என்ன இருக்கிறது, எது தீர்ந்தது, எதை இன்றைக்கே சமைக்காவிட்டால் அழுகிப்போகும் என்கிற கணக்கு அவர் மனதில் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைக்குப் போய் வருவது ஒரு மணி நேர வேலை. இந்தக் கணக்குக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

செயலி குறைக்க வேண்டியது இதைத்தான். ஒரு தமிழ்நாட்டு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் புரியும்படியே சொல்கிறேன். எழுதுகிறவர்களைவிட, சமைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு "எங்களுக்கு இப்படித்தான் வேண்டும்" என்று கேட்பதுதான் முக்கியம்.

ஒரே ஒரு கழித்தல்

இந்த வகைச் செயலிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு கழித்தல் கணக்கு. இந்த வாரம் சமைக்கப்போகிற உணவுகளுக்குத் தேவையான பொருட்களைக் கூட்டு. வீட்டில் இருப்பதைக் கழி. மிச்சம்தான் வாங்க வேண்டிய லிஸ்ட். இதற்கு உணவுகள், அவற்றுக்கான பொருட்கள், வாரத் திட்டம், வீட்டு இருப்பு என்று நான்கு அட்டவணைகள் போதும். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் செய்துவிடலாம்.

செயலி தோற்பது இரண்டாவது எண்ணில். வீட்டில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

பார்கோடை ஸ்கேன் செய்யலாம் என்பார்கள். 1974-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு கடையில் சூயிங்கம் பாக்கெட் ஒன்றில் தொடங்கிய பார்கோடு, கடைக்காரர்களுக்குப் பெரிய வரம்தான். ஆனால் நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகுக்குப் பார்கோடு இல்லை. எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்த துவரம்பருப்புக்கு இல்லை. கீரைக்கு இல்லை, தேங்காய்க்கு இல்லை. 'க்ரோசி' என்று ஒரு திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. வாங்கியது, பிரித்தது, தீர்ந்தது என்று ஒவ்வொன்றையும் பதிந்து வந்தால் வீட்டு இருப்பைத் துல்லியமாகக் காட்டும். கம்பெனிகள் தங்கள் கிடங்கை நிர்வகிக்கும் முறையை வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுவந்ததாகவே அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. பொறுமையாகப் பதிகிற வீட்டில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காலை ஆறரை மணிக்கு ஒரு கை தாளிப்பில், இன்னொரு கை டிபன் பாக்ஸில் இருக்கும்போது "பருப்பு 120 கிராம் எடுத்தேன்" என்று யாரும் பதியப்போவதில்லை. பத்து நாளில் டப்பா ஒன்று சொல்லும், செயலி வேறொன்று சொல்லும். இரண்டு கிலோ பருப்பு இருக்கும்போதே "பருப்பு வாங்கவும்" என்று அது சொல்கிற நாளில் நம்பிக்கை போய்விடும். அதற்குப் பிறகு யாரும் அதைத் திறக்க மாட்டார்கள்.

ஆகவே கிராம் கணக்கை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் வீடுகளில் இருப்பைப் பற்றி மூன்று பதில்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன: இருக்கு, கொஞ்சமா இருக்கு, இல்லை. செயலியும் அந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதையும் எல்லாப் பொருளுக்கும் கேட்கக் கூடாது. இந்த வாரத் திட்டத்துக்கு வேண்டியவற்றில், அதற்கே சந்தேகம் வருகிற ஐந்தாறு பொருட்களை மட்டும் கேட்கட்டும். டப்பாவைத் திறந்து பார்த்து மூன்றில் ஒன்றைத் தட்ட அரை நிமிடம் ஆகாது.

மீதியை அது தானே ஊகிக்க வேண்டும். ஊகிப்பதற்கு வேண்டிய தடயம் லிஸ்டிலேயே இருக்கிறது. போன மாதம் 3-ம் தேதி இரண்டு கிலோ துவரம்பருப்பு வாங்கியதாக டிக் செய்தீர்கள். இந்த மாதம் 2-ம் தேதி மறுபடி இரண்டு கிலோ. அப்படியானால் இந்த வீட்டில் இரண்டு கிலோ ஏறக்குறைய 30 நாள் வருகிறது. நான்கைந்து மாதம் போனால் கணிப்பு இன்னும் கெட்டிப்படும். விருந்தாளி வந்த மாதம் தப்பும். தப்பினால் ஒரு தட்டில் திருத்தலாம். இதற்கென்று யாரும் எதையும் தனியாகப் பதிய வேண்டியதில்லை.

இந்த ஊகம் மாத மளிகைக்குத்தான் பொருந்தும். காய்கறி வேறு கதை. கீரை மறுநாளே வாடிவிடும், வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளியே வைத்தாலே வாரக்கணக்கில் இருக்கும். ஆகவே வாங்கிய தேதியிலிருந்து நாளை எண்ணி, "செவ்வாய்க்கிழமை வாங்கிய முள்ளங்கி இன்னும் இருக்கா?" என்று கேட்பதே போதும். பால், தயிர், கறிவேப்பிலை போன்ற அன்றாடப் பொருட்களை லிஸ்டிலேயே காட்ட வேண்டாம். "நாளைக்குப் பால் ரெண்டு பாக்கெட் கூட" என்பது மாதிரி வழக்கம் மாறும் நாளில் மட்டும் காட்டினால் போதும்.

மாவு சொல்லித்தரும் பாடம்

வெளிநாட்டில் செய்த சாப்பாட்டுத் திட்டச் செயலிகள் பலவற்றில் திங்கள் இரவு ஒரு கட்டம், செவ்வாய் இரவு ஒரு கட்டம் என்று இருக்கும். ஒவ்வொரு கட்டமும் தனித்தனி. நம் சமையல் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை.

திங்கட்கிழமை காலை இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஞாயிறு மதியம் ஊறப்போட்டு, நான்கு மணி நேரம் கழித்து அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால்தான் இரவோடு இரவாகப் புளிக்கும். ஆக, "உளுந்து இருக்கா?" என்ற கேள்வி சனிக்கிழமை மாலையே வந்தாக வேண்டும். திங்கள் காலையில் வந்து பயனில்லை. சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவு, ஊட்டியில் மார்கழிக் குளிரில் 12 மணி நேரமானாலும் அசையாமல் கிடக்கும். ஊரையும் மாதத்தையும் பார்த்து நினைவூட்டல் நேரத்தை மாற்றுவது நிரலில் நாலே வரி.

அரைத்த மாவு ஒரு வேளையோடு தீர்வதும் இல்லை. திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, கொஞ்சம் புளிப்பு ஏறிய பிறகு வெங்காயம் தூவி ஊத்தப்பம், கடைசியில் குழிப்பணியாரம். 'மாவு' என்பதை ஒரு பொருளாகவும் பார்க்க வேண்டும், ஒரு உணவாகவும் பார்க்க வேண்டும். ஒரு நாள் செய்தால் அடுத்த மூன்று நாளின் சிற்றுண்டிக்கு அது வழிவிடுகிறது. செயலியின் அட்டவணையில் 'இதைச் செய்ய அது முன்பே செய்திருக்க வேண்டும்' என்ற தொடர்பு இல்லாவிட்டால் தமிழ்நாட்டுக் காலை உணவைத் திட்டமிடவே முடியாது. கொண்டைக்கடலை ஊறவைப்பதும், பாலுக்கு உறை ஊற்றுவதும், புளிக்காய்ச்சல் செய்து வைத்துக்கொள்வதும் இதே வகை.

தேங்காயையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மோர்க்குழம்புக்கு அரை மூடி போதும், ஆனால் கடையில் அரைத் தேங்காய் கிடைக்காது. மிச்ச மூடியை மறுநாள் சட்னிக்கோ பொரியலுக்கோ கொண்டுபோவதுதான் நல்ல திட்டம். கணக்குப்படி 130 கிராம் பருப்பு வேண்டியிருந்தாலும் கடையில் அரைக் கிலோ பாக்கெட்டாகத்தான் வாங்குவோம். தேவையைக் கடையில் விற்கும் அளவுக்கு உயர்த்தி, மிச்சத்தை அடுத்த நாளின் யோசனைக்குத் தள்ளும் இந்த வேலையைச் செயலி ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பொருள் வீணாவது நிற்கும் என்று நம்புகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகில் வீணான உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

உணவைப் பரிந்துரைக்கும் பகுதிக்கு இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவைப் பூட்டுவது வழக்கமாகிவிட்டது. பூட்டலாம், தவறில்லை. ஆனால் அது அந்த வீட்டு வழக்கத்துக்குள் நின்று யோசிக்க வேண்டும். முதல் நாளில் "உங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது என்ன?" என்று கேட்டு ஒரு முப்பது நாற்பது பெயர்களை வாங்கிக்கொண்டால் போதும். அவற்றைத் தனித்தனியாக இல்லாமல் ஜோடியாக வாங்குவது நல்லது. மோர்க்குழம்பு என்றால் பருப்பு உசிலி, வத்தக்குழம்பு என்றால் கூட்டும் சுட்ட அப்பளமும், சாம்பார் என்றால் உருளைக்கிழங்கு வறுவல் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஜோடிகள் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வத்தக்குழம்புக்குப் பக்கத்தில் புளிக்கூட்டை வைத்தால் செயலிக்குச் சமையல் தெரியாது என்று முதல் நாளே முடிவு கட்டிவிடுவார்கள்.

நாள்காட்டியும் உள்ளே இருக்க வேண்டும். அமாவாசையன்று பல வீடுகளில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். வாழைக்காயும் பூசணியும் வாங்குவார்கள். வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் சில வீடுகளில் சைவம். புரட்டாசி முழுக்கச் சில வீடுகளில் கறி, மீன் இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம், இஸ்லாமிய வீடுகளில் ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் வஞ்சிரத்தைத் திட்டத்தில் போட்டால் பர்ஸ் தாங்காது. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று செயலி தானாக முடிவு செய்துவிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூண்டு நூறு, மிளகாய் பத்து ரூபாய்க்கு

அளவுகள்தான் நிரல் எழுதுகிறவரை அதிகம் படுத்தும். ஒரு வீட்டில் கடைக்குச் சொல்லி அனுப்புவது இப்படி இருக்கும்:

"தக்காளி ஒரு கிலோ, பூண்டு நூறு, முருங்கைக்காய் நாலு, அரைக்கீரை ஒரு கட்டு, பச்சை மிளகாய் பத்து ரூபாய்க்கு."

ஐந்து பொருள், ஐந்து விதமான அளவு. 'பூண்டு நூறு' என்றால் நூறு கிராம். 'முருங்கைக்காய் நாலு' என்றால் எண்ணிக்கை. பச்சை மிளகாய்க்கு எடையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, ரூபாய்தான் அளவு. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பல கடைகளில் கொசுறாகவே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வழக்கமான அளவு என்ன என்று செயலிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டு, கொத்து, சீப்பு, மூடி, பாக்கெட், ரூபாய் எல்லாம் அதிகாரபூர்வ அளவுகளாகவே டேட்டாபேஸில் இடம்பெற வேண்டும். பத்து ரூபாய் மிளகாயைக் கிராமாக மாற்ற முயல வேண்டாம். அப்படியே எழுதி அப்படியே காட்டினால் போதும். அரை, கால், முக்கால், ஒன்றரை, ஒண்ணே கால் எல்லாம் குரல் வழியாகச் சொன்னாலும் புரிய வேண்டும், ஏனென்றால் ஈரக் கையோடு இருப்பவர் தட்டச்சு செய்வதைவிடப் பேசுவதைத்தான் விரும்புவார்.

டம்ளருக்கு ஒரு சுலப வழி உண்டு. வீட்டுக்கு வீடு டம்ளர் வேறு. முதல் வாரத்தில் ஒரே ஒருமுறை அந்த வீட்டு டம்ளரால் அரிசியையும் பருப்பையும் அளந்து தராசில் வைத்து, வரும் எடையைச் செயலியிடம் சொல்லிவிட்டால் 'நம்ம வீட்டு டம்ளர்' என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். அதன்பின் எப்போதும் டம்ளரிலேயே பேசலாம்.

பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். ஒரு வீட்டில் பாசிப்பருப்பு, பக்கத்து வீட்டில் பயத்தம்பருப்பு, இன்னொரு வீட்டில் சிறுபருப்பு. பொட்டுக்கடலை, பொரிகடலை, உடைத்த கடலை எல்லாம் ஒன்று. பெரிய வெங்காயம் சில ஊர்களில் பல்லாரி. பின்னால் ஒரே பொருளாக வைத்துக்கொண்டு, திரையில் அந்த வீடு சொல்கிற பெயரையே காட்ட வேண்டும். மருமகள் ஒரு பெயரும் மாமியார் ஒரு பெயரும் சொன்னால் இரண்டு முறை வாங்கிவரக் கூடாது அல்லவா?

லிஸ்ட் யாரிடம் போகிறது?

செயலி செய்கிறவர்கள் மறக்கிற விஷயம் ஒன்று: லிஸ்டைப் படிக்கிறவரிடம் அந்தச் செயலி இருக்காது. மாத மளிகை தெருமுனை அண்ணாச்சி கடைக்கு வாட்ஸ்அப்பில் போகும். அவர் கட்டி வைப்பார், பையன் சைக்கிளில் கொண்டுவந்து போடுவான். ஆகவே ஒரே தட்டில் சுத்தமான எழுத்தாக, வரிக்கு ஒரு பொருளாக லிஸ்ட் வெளியே போக வேண்டும். "இந்தச் செயலியைப் பதிவிறக்குங்கள்" என்ற இணைப்பை அண்ணாச்சிக்கு அனுப்பினால் அவர் அதைத் தொடக்கூட மாட்டார்.

பொருட்களைக் கடைவாரியாகவும் பிரிக்க வேண்டும். ரேஷனில் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் கிடைக்கிற வீட்டில், அதை வாங்கிய பிறகு மீதியைத்தான் மளிகைக் கடையில் வாங்குவார்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது. அங்கே வாங்குவதென்றால் காலையிலேயே போக வேண்டும். அவசரத்துக்குப் பத்து நிமிட டெலிவரி நிறுவனங்கள் இருக்கின்றன. எந்தப் பொருள் எங்கே என்பதை வீடே ஏற்கனவே முடிவு செய்திருக்கிறது. செயலி அந்த முடிவைப் பின்பற்றினால் போதும்.

சந்தைக்குப் போன பிள்ளை போன் செய்கிறான். "அம்மா, முருங்கைக்காய் இல்ல. வேற என்ன வாங்கட்டும்?" அம்மா அடுப்பை விட்டுவிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. லிஸ்டிலேயே 'முருங்கைக்காய் 4, இல்லாவிட்டால் கத்தரிக்காய் கால் கிலோ' என்று ஒரு மாற்று இருந்தால் அந்த போன் தேவையில்லை. சிறிய வசதிதான். என்னைக் கேட்டால், படம் பிடித்துப் போடும் வசதிகள் எல்லாவற்றையும்விட இதை முதலில் செய்வேன்.

இரண்டு பேர் ஒரே லிஸ்டைத் தொடும்போது வேறொரு சிக்கல் வரும். கணவர் சிக்னல் இல்லாத சூப்பர் மார்க்கெட் அடித்தளத்தில் நின்று கடுகை டிக் செய்கிறார். அதே நேரம் வீட்டில் மனைவி சோம்பைச் சேர்க்கிறார். வெளியே வந்து சிக்னல் கிடைத்ததும் அவர் போன் முழு லிஸ்டையும் அனுப்பினால் அவர் கையில் இருந்த பழைய லிஸ்ட் புதியதை அழித்துவிடும். சோம்பு காணாமல் போகும். இதற்கு மருந்து, முழு லிஸ்டை அனுப்பாமல் 'கடுகு வாங்கியாச்சு', 'சோம்பு சேர்த்தாச்சு' என்று ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனிச் செய்தியாக அனுப்புவது. எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் இரண்டு போன்களிலும் ஒரே முடிவு வர வேண்டும். 2011-ல் கணினி ஆய்வாளர்கள் முறைப்படுத்திய சிஆர்டிடி என்ற தரவு அமைப்புகள் இதற்கென்றே வந்தவை. விதிகளை மட்டும் வீட்டுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் அழித்ததை இன்னொருவர் வாங்கிவிட்டால், வாங்கியது என்பதே நிற்கட்டும், ஏனென்றால் பொருள் பையில் வந்துவிட்டது.

யாருடைய வேலை

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஆண்களுக்கு அது 97 நிமிடம், அதுவும் ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான் அந்த வேலையைத் தொட்டவர்கள். செயலி அம்மாவின் போனில் மட்டும் இருந்தால் இந்த நிலைக்கு அதுவும் முட்டுக்கொடுக்கிறது என்று பொருள். நான் செய்தால், ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்தால்தான் தொடங்க முடியும்படி வைப்பேன். "உளுந்து ஊறப்போடணும்" என்ற நினைவூட்டலும் அன்றைக்கு யார் பொறுப்போ அவர் போனில் ஒலிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரே நினைவூட்டல். அதுவும் வீட்டார் சொல்கிற நேரத்தில்.

கடைசியாகப் பணமும் ரகசியமும். ஒரு வீட்டின் மளிகை லிஸ்ட்டைப் பார்த்தால் அந்த வீட்டில் சர்க்கரை நோயாளி உண்டா, கைக்குழந்தை உண்டா, மாதக் கடைசியில் கை இறுக்கமா என்று எல்லாம் தெரிந்துவிடும். இலவசச் செயலி இதை விளம்பரக் கம்பெனிக்கு விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை வந்தால் அதைச் செய்யாமலே இருக்கலாம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கவும் வழி இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு சிறு தொகையை வெளிப்படையாகக் கேட்டுவிட்டு, லிஸ்டை வீட்டுப் போன்களிலேயே வைத்திருப்பது நேர்மையான வழி.

இதைச் செய்யப்போகிற இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையை வரைவதற்கு முன் உங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்குப் போய், கடந்த மூன்று மாத மளிகைச் சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். எதைக் கிலோவில் எழுதியிருக்கிறார்கள், எதை ரூபாயில் எழுதியிருக்கிறார்கள், எதை எழுதாமலே விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அந்த வீடுகளில் ஒரு மாதம் காகிதத்திலேயே உங்கள் முறையை நடத்திப் பாருங்கள். காகிதத்தில் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தால் போனிலும் அவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். அதில் தேறிய பிறகு நிரல் எழுத உட்காருங்கள்.